ஒரு கோடு கூடுதல்

இந்த ஊரில் எல்லாமே பள்ளி.
சிலுவை வைத்ததும் பள்ளி, பிறை வைத்ததும் பள்ளி,
யூதர் தெருவில் மணிக்கூண்டு வைத்ததும் பள்ளி.
நான்தான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.
எனக்குத் தெரிந்த எழுத்து
சேங்கொட்டைப் பாலில் ஊசி தொட்டு
துணி ஓரத்தில் போடும் குறி.

கம்லியேல் முதலாளி வீட்டுக்கு
இரண்டு புள்ளி, ஒரு கோடு.
பெரிய பள்ளிக்கு
இரண்டு புள்ளி, இரண்டு கோடு.
அப்பன் போட்டுவைத்த கணக்கு.
இத்தனை நெருக்கமாக ஏன் போட்டான் என்று கேட்க
இப்போது ஆளில்லை.

டச்சுக்காரன் சட்டையை வெளுக்கவென்று
கொச்சிக்குக் கொண்டுவந்து இறக்கிய கூட்டம் நாங்கள்.
அவர்கள் அதற்கும் முன்பே,
கொடுங்கல்லூர்த் துறை மண்மூடிப் போனபோது
தராசையும் தோல்சுருளையும் படகேற்றி வந்தவர்கள்.
முதலில் மிளகு, அப்புறம் ஏலம், அப்புறம் தேன்மெழுகு.
பெரிய பள்ளியில் எரியும் திரி அத்தனையும்
முதலாளி கிடங்கு மெழுகு.
விற்பார், உள்ளே போகமாட்டார்.
பணத்தைக் கப்பியார் அந்தப்பன்தான்
வெளியே கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பான்.

இடவப்பாதி மழை. ஒன்பது நாள் வெயிலில்லை.
கரியடுப்பின் மேல் காய்ந்த துணியெல்லாம்
கருவாடு மாதிரி மணத்தது.
பேச்சிக்குக் காய்ச்சல். நான் ஒற்றை ஆள்.
வெள்ளி மதியம் முதலாளி வீட்டில் ஒரு பொதி,
சனி மாலை பெரிய பள்ளியில் ஒரு பொதி.
விளக்கில்லாத அறையில்
ஒரு கோட்டுக்கு என்ன எடை?

ஞாயிறு காலை, பாக்கிக் கூலிக்காக
வெளிநடையில் நின்றேன்.
உள்ளே பாட்டு. எட்டிப் பார்த்தேன்.
பீடத்தின் முன்விளிம்பில்
நீல நூலில்
வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது எழுத்து.
சிம்ஹா அம்மாள் கல்யாணத்துக்கு முன் தைத்தது.
மாதம் தவறாமல் நான் கஞ்சி போட்டது.
வாசிக்கத் தெரியாமலே எனக்கு மனப்பாடம்.

வயிறு தண்ணீராகிவிட்டது.
பாதிரியார் குனிகிறார், நிமிர்கிறார்.
முந்நூறு பேர் முழந்தாளில்,
அத்தனை கண்ணும் அந்தப் பக்கம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மெழுகுதிரி சாய்ந்து
அவசரமில்லாமல் சொட்டியது.

கூட்டம் கலைந்ததும் கப்பியாரிடம்,
"கறை போகவில்லை, மறுபடி வெளுக்கணும்"
என்று உருவிக்கொண்டு ஓடிவந்தேன்.

திங்கட்கிழமை. முதலாளி வீட்டுப் பின்கட்டு.
சிலுவை தைத்த விரிப்பு
மடிப்புக் கலையாமல் படியில் இருந்தது.
வெள்ளி இரவு வெறும் மேசையில் சாப்பிட்டார்களாம்,
தேக்குப் பலகைமேல் ரொட்டியை வைத்து.
சமையற்காரி சொன்னாள், சொல்லிவிட்டு
என்னைப் பார்க்காமல் மீன் செதிலைச் சுரண்டினாள்.

"என்னுடையது எங்கே கிடந்தது?"
"கொடியில் அம்மா. காயவில்லை."

வாங்கி விரித்தாள்.
கடைசி எழுத்தின் வாலில் ஒரு சொட்டு,
என் நகத்துக்குத் தப்பியது.
அவள் நகத்துக்குத் தப்பவில்லை.
பெயர்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.
கிடங்குச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவள்.
காட்டு மெழுகின் வாசம் எது,
அதற்கடியில் இருக்கும் வேறு வாசம் எது,
அவளுக்கா தெரியாது?

அவ்வளவுதான், என் பிழைப்பு முடிந்தது என்று
நின்றேன்.
சொட்டை விரலிடுக்கில் உருட்டினாள்,
உருட்டி உருட்டி மிளகளவு ஆக்கினாள்.
பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:
"இந்தத் தடவை மெழுகில்
மாட்டுக் கொழுப்புக் கலந்திருக்கிறான் தரகன்!"

மேலே நாற்காலி நகர்ந்தது.
"உனக்கு யார் சொன்னது?"

என்னைப் பார்த்தாள்.
கண்ணுக்குள் சிரிப்பா, வேறேதாவதா,
இன்றுவரை பிடிபடவில்லை.
"வண்ணான் சொன்னான்."

தரகன் மாறினான்.
இப்போதெல்லாம் திரி சொட்டுவதில்லை என்று
கப்பியார் அதிசயப்பட்டான்.
நான் தலையாட்டினேன்.

படியிறங்கும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்:
"எனக்கு மூன்று கோடு போடு."
அன்றிரவே போட்டேன்.
சேங்கொட்டைப் பால் பட்டு
விரல் நான்கு நாள் கொப்பளித்துக் கிடந்தது.